சொல்லிவிட்டுச் செய்தவர்கள்

மேடவாக்கத்தில் நாங்கள் மனை வாங்கியபோது எங்கள் தெருவுக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாம்பாக்கம் போகும் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து, மண் பாதையில் திரும்ப வேண்டும். கல் நட்டுப் பிரித்த அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். ராத்திரியில் தவளைச் சத்தம். குழாய்த் தண்ணீர் இல்லை, பாதாளச் சாக்கடை இல்லை. தண்ணீருக்கு அவரவர் போர், கழிவுக்கு அவரவர் தொட்டி. ஊராட்சி அலுவலகம் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கும் எதிர் வீட்டு மணல் குவியலுக்கும் அங்கே போய் நிற்க முடியுமா? அதையெல்லாம் நாங்களேதான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் தெருவின் முதல் விதி போர் லாரியோடு வந்தது. இடது பக்கத்து மனையில் வீடு கட்ட இருந்தவர் ஒரு நாள் சாயங்காலம் மனைவியோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "நாளைக்கு ராத்திரி போர் போடறோம்மா. லாரி பகல்ல வேற இடத்துல ஓடுதாம். பாறை தட்டிடுச்சுன்னா விடிய விடிய சத்தம் இருக்கும். மாடியில துணி எதுவும் காயப்போடாதீங்க. வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?" என்று கேட்டார். என் மகள் அப்போது கைக்குழந்தை. அவர் அதைக் கேட்டதும் யோசித்தார். பிறகு லாரிக்காரரிடம் பேசி இரண்டு நாள் தள்ளிப் போட்டார். நான் அந்த இரவு குழந்தையோடு குரோம்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்துகொண்டேன். திரும்பி வந்தபோது பாறைத் தூள் கலந்த சாம்பல் நிறச் சேறு எங்கள் வாசல் வரை ஓடியிருந்தது. அவரே மண்வெட்டியோடு நின்று வழித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு போர் போட்ட ஒவ்வொரு வீட்டுக்காரரும் முதல் நாளே நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். கான்கிரீட் போடுகிற நாளில் கலவை இயந்திரம் தெருவை அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார்கள். கழிவுநீர் லாரி வருகிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். முருங்கையில் கம்பளிப்பூச்சி பிடித்தால் மரத்துக்காரரே வந்து பக்கத்து வீட்டுச் சுவரையும் பார்த்து, தீப்பந்தம் காட்டிவிட்டுப் போவார். யாரும் எழுதி வைத்த விதி அல்ல இது. முதலில் வந்தவர் அப்படி நடந்துகொண்டார், பின்னால் வந்தவர்களுக்கு அதைவிடக் குறைவாக நடக்க மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் இப்படிப் பேசித் தீர்த்துவிட முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையின் தென் புறநகர் முழுவதும் இருக்கும் ஒரு சண்டை எங்களுக்கும் உண்டு. புதிதாகக் கட்டுகிறவர் தெருவைவிட மூன்றடி உயர்த்திக் கட்டுகிறார். தெருவுக்குத் தார் போடும்போது பழைய சாலையின் மேலேயே போடுகிறார்கள். பத்து, பதினைந்து வருடத்தில் முதலில் வந்தவர்களின் வீடு பள்ளமாகிவிடுகிறது. மழைத் தண்ணீர் அவர்கள் கூடத்துக்கு வருகிறது. இதில் பக்கத்து வீட்டுக்காரரின் நல்ல மனசு மட்டும் என்ன செய்யும்? 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவு ஒரு தலைமுறைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். அரசு செய்ய வேண்டியதை அரசுதான் செய்ய வேண்டும்.

வீடுகள் பெருகியதும் நலச்சங்கம் ஆரம்பித்தோம். 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்து, ரசீதுப் புத்தகம் அடித்து, தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வந்தார்கள். தெருவிளக்கும் குப்பை வண்டியும் சங்கத்தால்தான் வந்தன. அதில் எனக்கு நன்றி உண்டு.

ஆனால் சொல்லிவிட்டுச் செய்கிற பழக்கம் சங்கத்தால் வருவதில்லை. அதை நான் பார்த்தது நாய் விஷயத்தில். எங்கள் தெருவில் முதலில் நாய் வளர்த்தவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கமே வீடு கட்டிக்கொண்டவர்கள் சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரை நிறையப் பேர். தெருவில் அவருக்குப் பெயரே ஏர்ஃபோர்ஸ் சார்தான். ஒரு நாள் காலையில் கையில் ஒரு மஞ்சள் அட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு ராஜபாளையம் குட்டி எடுத்துட்டு வரலாம்னு இருக்கேன். வளர்ந்தா பெரிசா இருக்கும். உங்க வீட்ல யாருக்காவது நாய்னா பயமா?"

என் மாமியாருக்குப் பயம். அவர் மறைக்காமல் சொன்னார். ஏர்ஃபோர்ஸ் சார் அட்டையை அவரிடம் நீட்டி, எந்தெந்தத் தேதியில் என்னென்ன ஊசி போடப்போகிறார் என்று காட்டினார். கேட் எப்போதும் தாழ் போட்டிருக்கும், வெளியே வந்தால் கையில் கயிறு இருக்கும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எத்தனை மணிக்குக் கோலம் போடுவீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை. நாய் வளர்க்கிறவர்களுக்கும் வாசல் தெளிக்கிற பெண்களுக்கும் நடக்கிற மனத்தாங்கல் பாதி இதனால்தான். ஐந்தரை மணிக்குச் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, இழை இழுத்து நிமிர்வதற்குள் யாரோ ஒருவரின் நாய் கேட் தூணில் காலைத் தூக்கிவிட்டு, கோலத்தை மிதித்துக்கொண்டு போகும். கயிற்றைப் பிடித்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு போவார். ஏர்ஃபோர்ஸ் சார் எல்லா வீட்டிலும் நேரம் கேட்டுக்கொண்டு, ஐந்து மணிக்கு முன்னால் தெருவைக் கடந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார். ஆறரைக்குத் திரும்பும்போது தெருவின் மறு ஓரமாக வருவார். இடது கையில் நாய்க் கயிறு. வலது கையில் பழைய செய்தித்தாளும், வீடு கட்டியபோது கொத்தனார் விட்டுப்போன கரண்டியும். நாய் எங்கே உட்கார்ந்தாலும் தாளை விரித்து, கரண்டியால் வழித்து மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் மாமரத்தடியில் குழி தோண்டிப் புதைப்பார். எழுபது வயதை நெருங்கியவர் குனிந்து அதைச் செய்வதைப் பார்த்த பிறகு, என் மாமியார் அந்த நாயைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பயம் போகவில்லை. குறை சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி மழை யாருக்கு மறக்கும்? ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். எங்கள் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் எல்லாம் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போகும் வழியெல்லாம் வீடாகிவிட்டது. தரைத்தளத்தில் இருந்தவர்கள் மாடி இருந்த வீடுகளுக்கு ஏறினார்கள். ஏர்ஃபோர்ஸ் சார் வீட்டுக்கு மாடி இல்லை. எதிர் வீட்டில் மாடி உண்டு. அந்த வீட்டுப் பெரியவர் ஆசாரம் பார்க்கிறவர், நாயை உள்ளே விட மாட்டார். தெருவுக்கே தெரியும். சார் மனைவியை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு, நாயோடு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டார். "உள்ள வாங்க சார்" என்று பெரியவர் கூப்பிட்டார். "நாங்க ரெண்டு பேரும் இங்கேயே இருக்கோம். உங்க வீட்டு வழக்கத்தை எங்களுக்காக மாத்த வேண்டாம்" என்றார் சார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் ஒரு கோணிப்பையும் ஒரு ஜமக்காளமும் கொண்டுவந்து படியில் வைத்தார். மின்சாரம் வர நாலைந்து நாளாயிற்று. நாய் அத்தனை நாளும் அந்தப் படியில்தான் இருந்தது, ஒரு தடவைகூட நிலைப்படியைத் தாண்டவில்லை. அதற்கான சோற்றைப் பெரியவரின் மனைவி தனிப் பாத்திரத்தில் வைத்துப் படிவரை கொண்டுவந்து கொடுத்தார். தன் வழக்கத்தை யாரும் விடவில்லை. யாரும் வெள்ளத்தில் நிற்கவும் இல்லை.

அதற்கு நேர்மாறாக ஒன்று சில வருடங்கள் கழித்து நடந்தது. மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்த இளம் தம்பதி ஒரு லாப்ரடார் வைத்திருந்தார்கள். இருவருக்கும் சிறுசேரியில் வேலை. காலையில் நாயை மொட்டை மாடியில் விட்டுப் போனால் ராத்திரிதான் வருவார்கள். பகல் முழுக்க அது குரைக்கும். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பையன். அதற்கு அடுத்த வீட்டில் இரவுப் பணி முடித்து வந்து தூங்குகிற நர்ஸ். எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அந்தத் தம்பதியிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை. ஒரு நாள் அவர்கள் கேட்டில் கம்ப்யூட்டரில் அடித்த தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. நாயைக் கட்டுப்படுத்தாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. கையெழுத்து இல்லை.

அந்தப் பெண் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, இது யார் ஒட்டினாங்க? எங்ககிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே. பகல்ல அது குரைக்குதுன்னே எங்களுக்குத் தெரியாது. நாங்க வரும்போது அமைதியா படுத்திருக்கும்" என்றாள். அவள் சொன்னது உண்மை. ஒரு நாய் பகலில் குரைப்பது தெருவில் எல்லா வீட்டுக்கும் கேட்கும், அதை வளர்க்கிறவர்களுக்கு மட்டும் கேட்காது. அவர்கள் அந்த நேரம் அலுவலகத்தில் இருப்பார்கள். சொல்ல வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தவர்தான். சொல்லாமல் மாதக்கணக்கில் மனதில் சேர்த்து வைத்து, ஒரு நாள் பெயரில்லாத தாளாக ஒட்டுவதைப் போல ஒரு தெருவைக் கெடுப்பது வேறில்லை. அந்தத் தம்பதி அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

சங்கக் கூட்டத்தில் விஷயம் பெரிதாயிற்று. நாய் வைத்திருப்பவர்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்று தீர்மானம் போடலாம் என ஒருவர் எழுந்தார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஏர்ஃபோர்ஸ் சார் அச்செடுத்த சில பக்கங்களோடு வந்திருந்தார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு என்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். வளர்ப்பு நாயை வைத்துக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சங்கமும் தடுக்க முடியாது, பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் செல்லாது. அடுக்குமாடிகளில் லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது. சட்டத்தில் இல்லாத அபராதத்தைச் சங்கம் விதிக்க முடியாது. அவர் நிதானமாக வாசித்தார். அந்த வாரியம் 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு உருவானது, 2018 வரை அதன் தலைமையகம் நம் பக்கத்தில் திருவான்மியூரில்தான் இருந்தது என்பதையும் சொன்னார். நாய் வளர்க்கிற இரண்டு மூன்று பேர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

அவர் அதோடு உட்காரவில்லை. அதே நெறிகளில் வளர்ப்பவர்களுக்குச் சொல்லியிருப்பதையும் வாசித்தார். வெளியே கூட்டிப் போனால் கயிறு, அசிங்கம் செய்தால் சுத்தம் செய்வது, தவறாமல் தடுப்பூசி. "சட்டம் நம்ம பக்கம் இருக்குன்னு நான் சும்மா உட்கார்ந்துட்டா, நாளைக்கு என் நாயை யாராவது கல்லால அடிக்கும்போது எனக்குக் கேட்க வாய் இருக்காது" என்றார். பிறகு அந்தத் தம்பதியிடம் திரும்பி, "மே மாசத்துல மொட்டை மாடித் தளம் எப்படிக் கொதிக்கும்னு வெறுங்காலோட நின்னு பாருங்கப்பா. அது கோபத்துல குரைக்கல" என்றார். நிழலும் தண்ணீரும் தராமல் விலங்கை அடைத்து வைப்பது 1960-ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னார். அவர்களை எல்லோர் முன்னாலும் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்று நினைத்தார் போல.

நாயை வீட்டுக்குள் மாற்றினார்கள். வாரத்தில் சில நாள் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார். குரைப்பு முழுக்க நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது. பையன் பரீட்சை எழுதினான். தீர்மானம் போடப்படவில்லை.

தெரு நாய்களின் கதை இதைவிடக் கஷ்டமானது, ஏனென்றால் அங்கே கேட்பதற்கு ஒரு வீட்டுக்காரர் இல்லை. எங்கள் தெருவில் ஒரு அக்கா ராத்திரியில் தயிர் சாதம் பிசைந்து தெரு நாய்களுக்கு வைப்பார். வைக்கிற இடம் அன்றன்றைக்கு மாறும், பல நாள் மற்றவர்கள் கேட்டுக்கு முன்னால். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் பயந்தார்கள், பைக்கில் வருகிறவர்களை நாய்கள் துரத்தின. அக்காவிடம் கத்தாதவர்கள் இல்லை. 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன: குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு இவற்றிலிருந்து விலகிய ஓரிடத்தைச் சங்கமே பார்த்து உணவு வைக்க ஒதுக்கித் தர வேண்டும். தெருக் கோடியில் ஒரு காலி மனை இருந்தது. உரிமையாளரிடம் போனில் கேட்டோம், சரி என்றார். இப்போது சாப்பாடு அங்கேதான். மிச்சத்தை அள்ளி இடத்தைக் கழுவுவது அக்காவின் பொறுப்பு.

இந்த ஏற்பாடு ஆவதற்குள் ஒரு பையனை நாய் கடித்துவிட்டது. கணுக்காலில் இரண்டு பல் பதிந்திருந்தது. பாட்டி சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தடுத்தது அந்த அக்காதான். பையனைத் தன் வீட்டுக் குழாயடிக்குத் தூக்கிப் போய், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினார். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது, கட்டுப் போடவும் கூடாது என்றார். அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி. பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒன்றையும் தவறவிடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. அவ்வளவு நாள் அந்த அக்காவைத் திட்டிய பையனின் அம்மா ஒவ்வொரு ஊசிக்கும் அவரையே துணைக்கு அழைத்துப் போனார்.

சென்னை மாநகராட்சி 1996-இல் தொடங்கிய தெரு நாய்க் கருத்தடைத் திட்டம் எங்கள் பக்கம் வந்து சேர எவ்வளவு காலம்! 2011-இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது பள்ளிக்கரணை உள்ளே போனது, மேடவாக்கம் ஊராட்சியாகவே நின்றது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானபோது சேலையூரும் செம்பாக்கமும் போயின, நாங்கள் அப்போதும் நடுவில் நின்றோம். நாய்களுக்கு அந்த எல்லைக் கோடு தெரியாது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்த பிறகு, வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. கயிறில்லாமல் போன நாய்களைக் கண்டு எல்லோரும் மிரண்டார்கள். ஏர்ஃபோர்ஸ் சாரின் நாய்க்கு அதற்குள் வயதாகிவிட்டிருந்தது. அப்போதும் ஒருவரும் அதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் தெரு நாய்கள் பற்றி உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுகள் வந்தபோது நாயை விரும்புகிறவர்கள், நாயை வெறுப்பவர்கள் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த வரை, நாயை வெறுக்கிறேன் என்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோபம் நாயின் மேல் இல்லை. அதை வளர்த்தவர் தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவில்லை என்பதில்தான்.

மேடவாக்கத்தில் இன்னும் காலி மனைகள் இருக்கின்றன, வீடுகள் வந்துகொண்டேயிருக்கின்றன. இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் நாய் இருந்தால், அதன் தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த ஊசித் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் நாளைக்கே போட்டுவிடுங்கள். அப்படியே பக்கத்து வீட்டுக் கேட்டுக்குப் போய், நீங்கள் இல்லாத பகலில் உங்கள் நாய் குரைக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள்.